தரையில் ஓட்டை விழுந்த பழைய சான்ட்ரோ: சரிசெய்வதா, விற்பதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 2006ஆம் வருடத்து சான்ட்ரோ, அப்பா வாங்கியது, அப்பா இப்போது இல்லை. வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், கடலுக்கு நடந்துபோகும் தூரம். முன்பக்கம் இடது தரையில், மிதியடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கதவுகளின் அடிவிளிம்பும் டிக்கி விளிம்பும் கொப்பளித்து உதிர்கின்றன. டிங்கர் 68,000 ரூபாய் கேட்கிறார், பழைய கார் வியாபாரி 30,000 தருகிறேன் என்கிறார். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, அம்மாவுக்கு விற்க மனசில்லை. ‘முப்பதாயிரம் ரூபாய் காருக்கு அறுபத்தெட்டாயிரம் செலவு செய்வது முட்டாள்தனமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பணக் கணக்கைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். துரு எந்தத் தகட்டில் இருக்கிறது என்று தெரியாதவரை இரண்டு தொகைக்கும் அர்த்தம் இல்லை. டிங்கரும் வியாபாரியும் நின்ற நிலையில் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் விலை சொல்லியிருக்கிறார்கள். காரை யாரும் தூக்கிப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

நான் அம்பத்தூரில் 23 வருடமாக பாடி வேலை ஷெட் நடத்துகிறேன். அதற்கு முன் ஐந்து வருடம் புதுப்பேட்டையில் ஒரு டிங்கரிடம் கையாள். உங்கள் காரை நான் தொட்டதில்லை, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்ல முடிந்தது எது, ஊகம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது முதலில். சான்ட்ரோ மாதிரி காரில் லாரிக்கு இருப்பதுபோலத் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடிதான் சேசிஸ். முக்கால் மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தகடுகளை மடித்துப் பெட்டியாக்கி, ஸ்பாட் வெல்டிங் அடித்துப் பலம் ஏற்றியிருக்கிறார்கள். இதில் கதவுத்தகடும் பானட்டும் முகம். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி (எங்கள் ஷெட்டில் ரன்னிங் போர்டு என்போம்), தரைக்கு அடியில் ஓடும் நீளப் பெட்டிகள், முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் மேடை, முன்சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை (லோயர் ஆர்ம்) பாடியில் மாட்டும் இடம், பின் அச்சு பாடியில் மாட்டும் இடம், இவையெல்லாம் எலும்பு. சீட் போல்ட் தரையில் இறங்குகிறது. சீட் பெல்ட்டின் கீழ்முனை ரன்னிங் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மோதும்போது உங்கள் அம்மாவைப் பிடித்து நிறுத்த வேண்டிய தகடு இதுதான்.

முகத்தில் எவ்வளவு துரு இருந்தாலும் கார் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். கதவு அடிவிளிம்பு முழுக்க உதிர்ந்த காரையும் தைரியமாக ஓட்டலாம். எலும்பில் துரு ஏறினால் வெளியே பளபளவென்று இருக்கிற காரும் ஆபத்து. அப்படி ஒன்றை நானே பார்த்தேன். ஏழெட்டு வருடம் முன்பு புதுப் பெயிண்டோடு ஒரு கார் சின்ன நசுங்கலுக்காக வந்தது. பையன் ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரம் தரையை விடவே இல்லை, ஜாக்கி மட்டும் மேலே போனது. முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், ரன்னிங் போர்டுக்குள் ஜாக்கி நாலு விரல் இறங்கிவிட்டது. உள்ளே தகடே இல்லை, பட்டியும் (ஓட்டையை மூடப் பூசும் பசை) அதைத் தாங்கும் வலையும் பெயிண்டும்தான். உரிமையாளர் அந்தக் காரை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அடுத்து, உங்கள் தரை ஓட்டை எப்படி வந்திருக்கும் என்பது. இது ஊகம், ஆனால் பழகிய ஊகம். எல்லோரும் கடல் காற்று என்பார்கள். கடல் காற்றுக்குப் பங்கு உண்டு. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் இருக்கும் குளோரைடு இரும்பைச் சீக்கிரம் தின்னும். கதவுக்கும் டிக்கிக்கும் அந்தக் காரணம் போதும். அதிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பல அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் உப்பு போர் தண்ணீரில்தான் தினமும் கார் கழுவுகிறார். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய மூன்று நான்கு சிறு துளைகள் இருக்கும். அவை மண் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் உப்புத் தண்ணீர் குட்டைபோல நிற்கும். துரு உள்ளிருந்து வெளியே வருவது இப்படித்தான். இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும், அதனால்தான் பெயிண்ட் கொப்பளிக்கிறது. கொப்பளம் வெளியே தெரியும்போது உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் இடது முன்தரையில் மட்டும் ஓட்டை என்றால் எனக்கு முதலில் ஏசி மேல்தான் சந்தேகம். குளிரூட்டும் காயில் டேஷ்போர்டுக்குள் இடது பக்கம்தான் இருக்கிறது. அதில் சொட்டும் தண்ணீரை வெளியே விட ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். கார்ப்பெட்டுக்குக் கீழே பஞ்சு மாதிரி ஒரு விரிப்பு, அது குடித்த தண்ணீரை வாரக்கணக்கில் விடாது. மேலே கையால் தடவினால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். சென்னையில் வருடத்தில் பத்து மாதம் ஏசி ஓடுகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சோதிப்பது சுலபம்: வெயில் நேரத்தில் காரை நிறுத்தி ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டுக் கீழே பாருங்கள். தண்ணீர் சொட்டிக் குட்டை கட்டியிருக்க வேண்டும். சொட்டவில்லை என்றால் அது காருக்குள் போகிறது. இதைச் சரிசெய்யாமல் தரைக்குத் தகடு வைத்தால் புதுத் தகட்டுக்கும் அதே கதிதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் கார் தண்ணீரில் நின்றதா என்று நீங்கள் சொல்லவில்லை. நின்றிருந்தால் என் ஊகம் மாறும். அப்போது ஒரு பக்கம் மட்டும் என்று நினைக்க முடியாது. நான்கு கார்ப்பெட்டையும் தூக்க வேண்டும், ரன்னிங் போர்டுக்குள்ளும் சேறு புகுந்திருக்கும்.

சரி, இப்போது உங்களுக்கு ஒரு வேலை. 68,000 கேட்டவரிடமும் போக வேண்டாம், வியாபாரியிடமும் போக வேண்டாம். வீல் அலைன்மென்ட் செய்யும் கடையிலோ சர்வீஸ் ஸ்டேஷனிலோ, காரை முழுசாகத் தூக்கும் லிஃப்ட் இருக்கிற இடத்தில், அரைமணி நேரத்துக்குப் பணம் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். கையில் பழைய மொக்கை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, டார்ச் ஒன்று. நான் மேலே சொன்ன எலும்பு இடங்களில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ‘டிங்’ என்று சொல்லும். செத்த தகடு அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி ‘டொக்’ என்னும். டொக் என்ற இடத்தில் முனையால் அழுத்துங்கள், குத்த வேண்டாம், அழுத்தினால் போதும். உள்ளே போனால் அங்கே தகடு இல்லை. அப்படியே தரையை ஒட்டி ஓடும் பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் கண்ணால் பாருங்கள். தரை உதிரும் அளவுக்கு ஈரம் இருந்த காரில் பிரேக் பைப் மட்டும் தப்பித்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அதில் செதில் செதிலாகத் துரு இருந்தால் காரை ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறகு பானட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேடையைச் சுற்றிப் பாருங்கள். பேட்டரி தட்டுக்கு அடியிலும் பாருங்கள், ஆசிட் வழிந்து தின்றிருக்கும். சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் பாருங்கள். பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சில் தேய்த்து அச்சு எடுப்பார்கள். துரு அந்த எண்ணைத் தின்றுவிட்டால் மீதி எல்லாம் நன்றாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல்தான். அந்த இடத்தில் டிங்கரை வெல்டிங் வைக்கவோ கிரைண்டர் போடவோ விடக் கூடாது.

இந்தச் சோதனையில் தரை ஓட்டை மட்டும்தான், எலும்பெல்லாம் ‘டிங்’ என்று வந்தால் காரை வைத்துக்கொள்ளலாம், 68,000மும் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அதில் 44,000 முழு பாடி பெயிண்டுக்கு, 15,000 கதவு, டிக்கி டிங்கரிங்குக்கு. தரைக்கு வெறும் 9,000. அந்த டிங்கரை நான் குறை சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் பெயிண்டுக்குத்தான் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார்கள், வெல்டிங் கண்ணுக்குத் தெரியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெயிண்டை முழுசாக அடித்துவிட்டு (பட்டியலில் இருந்து அடித்துவிட்டு என்கிறேன்), தரை வேலையை இரண்டு மடங்கு பணம் கொடுத்தாவது ஒழுங்காகச் செய்யச் சொல்வேன்.

ஒழுங்காக என்றால் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றுவார்கள். சீட், கார்ப்பெட், விரிப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிய வேண்டும். உங்கள் உள்ளங்கை ஓட்டை வெட்டி முடிக்கும்போது ஒரு தட்டு அகலம் ஆகும், பயப்பட வேண்டாம், அதுதான் சரி. அதே கனமுள்ள புதுத் தகட்டை வளைத்து, சிஓ2 வெல்டிங்கில் சுற்றிலும் அடிக்க வேண்டும். பழைய கேஸ் வெல்டிங் சூடு மெல்லிய தகட்டை நெளித்துவிடும், சுற்றியுள்ள பெயிண்டையும் எரித்துவிடும், அங்கிருந்து மறுபடி துரு கிளம்பும். பின்பக்கத் தரையில் வேலை என்றால் பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டுத்தான் தீப்பொறியே. பிறகு இரண்டு பக்கமும் எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர், கடைசியில் காரின் அடிப்பக்கத்துக்குக் கறுப்பு அடிக்கோட்டிங்.

டிங்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வெட்டி வைப்பீங்களா, மேலே வைப்பீங்களா?’ துருவின் மேலேயே தகட்டை வைத்து நாலு இடத்தில் வெல்டிங் பொட்டு வைப்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் வைத்திருக்கிறேன். ஷெட் ஆரம்பித்த இரண்டாம் வருடம் அடையாறிலிருந்து வந்த ஒரு காருக்கு, அவசரம் என்று சொன்னார்கள் என்று, ரன்னிங் போர்டில் அப்படி மேல்தகடு ஒட்டிக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் கொப்பளித்துக்கொண்டு திரும்பி வந்தது. வெட்டிப் பார்த்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் சொதசொதவென்று இருந்தது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து வெட்டிய நிலையில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் மூடுகிறேன். நீங்களும் அந்தப் போட்டோ வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். துருவின் மேலேயே கறுப்பு அடிக்கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் காரையே விடாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பா? துரு மாற்றி என்று டப்பாவில் விற்கும் திரவங்கள் மேலாகப் படிந்த துருவுக்கு நல்லவை. செதில் செதிலாக வரும் தகட்டுக்கு அவற்றால் உயிர் கொடுக்க முடியாது.

எவ்வளவு காலம் தாங்கும்? என் அனுபவத்தில் ஒழுங்காகச் செய்த தரை நான்கைந்து வருடம் பிரச்சினை தராது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ரன்னிங் போர்டு வேலைக்கு நான் மூன்று வருடத்துக்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இப்போது ஓரமாக வைத்த கணக்கை எடுக்கலாம். காரின் விலையோடு செலவை ஒப்பிடுவது வியாபாரியின் கணக்கு, அவர் விற்கப் போகிறவர். ஓட்டப் போகிற நீங்கள் இன்னும் எத்தனை வருடம் ஓடும், வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும். தரை வேலை, ஏசி குழாய், பிரேக் பைப் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தில் முடிந்து நான்கு வருடம் ஓடினால் வருடத்துக்கு 7,500. ஆனால் உங்கள் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) 2026இல் முடிகிறது என்கிறீர்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். மேலே பசுமை வரி உண்டு. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 அபராதம். இதையும் சேர்த்துப் பாருங்கள். டெல்லியில் 15 வருடப் பெட்ரோல் கார் மேல் வந்த தடை இங்கேயும் வந்துவிட்டது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கானது, தமிழ்நாட்டில் தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். இன்சூரன்ஸில் வாங்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: துருவும் தேய்மானமும் எந்தப் பாலிசியிலும் வராது.

சோதனையில் எலும்பு போயிருந்தால், அதாவது ரன்னிங் போர்டு இரண்டு பக்கமும், இல்லை அச்சு மாட்டும் இடமோ ஷாக் மேடையோ ‘டொக்’ என்றால், நான் சரிசெய்யச் சொல்ல மாட்டேன். செய்ய முடியாது என்பதில்லை. ஜிக்கில் (பாடியை அளவு பிசகாமல் பிடித்து வைக்கும் சட்டம்) ஏற்றி, கோணம் தவறாமல் வெட்டி ஒட்டும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவு சான்ட்ரோவுக்கு நியாயமாகாது. குறைந்த செலவில் செய்து தருகிறேன் என்பவர் பட்டி பூசப் போகிறார்.

அந்த நிலையில் 30,000 தரும் வியாபாரிக்கு விற்கலாமா? இங்கே நான் கொஞ்சம் கறாரானவன். உங்கள் அம்மா உட்காரக் கூடாத காரில் வேறொருவர் அம்மா மட்டும் உட்காரலாமா? அந்தக் கார் நேராகப் பட்டி பூசும் ஷெட்டுக்குப் போய், பளபளவென்று வெளியே வரும். நான் சொன்ன ஜாக்கி கார் அப்படி வந்ததுதான். சட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெயர் மாற்றாமல் கைமாறிய கார் விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வியாபாரி ‘பார்ட்டி கிடைத்ததும் மாற்றிக்கிறேன் சார்’ என்பார், நம்பாதீர்கள். யாருக்கு விற்றாலும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகி, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.

உடைப்புக்குக் கொடுப்பதுதான் அப்போது வழி. முன்பெல்லாம் புதுப்பேட்டைக்கு இழுத்துப் போய் எடைக்குப் போடுவோம், சேசிஸ் எண் துண்டை வெட்டி வாங்கிக்கொண்டு பதிவை ரத்து செய்வோம். இப்போது 2021 விதிகளின்படி பதிவுபெற்ற உடைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள், அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சான்ட்ரோ எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிலோ வரும், இரும்பு விலை வாராவாரம் மாறுவதால் இரண்டு இடத்தில் கேளுங்கள். ஓடும் இன்ஜினும் கியர்பாக்ஸும் தனியாக விலைபோகும், பேரம் பேசும்போது அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா? உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் துக்கத்தில் யாரும் இதை நினைப்பதில்லை. தாமதமாகியிருந்தாலும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ இப்போதே மாற்றுங்கள், இன்சூரன்ஸையும் சேர்த்து. வைத்துக்கொண்டாலும் விற்றாலும் உடைத்தாலும் முதல் கையெழுத்து அங்கேதான் தேவைப்படும். அதற்கு எப்படியும் சில வாரம் ஆகும், லிஃப்டில் தூக்கிப் பார்க்கும் வேலையை இந்த வாரமே முடித்துவிடலாம்.

அம்மாவையும் லிஃப்டுக்குக் கூட்டிப் போங்கள். விற்க மாட்டேன் என்று ஒரு வருடமாக மகனோடு சண்டை போட்ட ஒரு அம்மாவை, காருக்கு அடியில் என் பக்கத்தில் நிற்க வைத்துத் தட்டிக் காட்டினேன். மூன்றாவது தட்டில் துருப்பொடி அவர் புடவையில் உதிர்ந்தது. ஒன்றும் பேசவில்லை. டேஷ்போர்டில் அவர் கணவர் ஒட்டிவைத்த பிள்ளையாரைப் பெயர்க்க ஒரு கத்தி இருக்குமா என்று மட்டும் கேட்டார்.